வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: முதலில் யாரைப் பரிசோதிப்பது?

வாசகர் கடிதம்:

மேலூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவரின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஐந்து மாதத்துக்கு முன் இருமலோடு ஊருக்கு வந்தார். மருந்துக்கடையில் டானிக்கும் மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. போன மாதம் சளியில் டி.பி. என்று உறுதியாகி, இப்போது அரசு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் என் அத்தை (58 வயது, சர்க்கரை உண்டு), கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்யும் என் கணவர், 23 வயது நாத்தனார், மூன்று வயதுப் பையன், நான் என்று எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம். எல்லாரும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று களப்பணியாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அத்தை வேண்டாம் என்கிறார். நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம், வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும், எல்லாரையும் தோப்பூர் டி.பி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். என் கணவர் மட்டும் தனியாரிடம் கையில் ஊசி போட்டுப் பார்த்தார், பாசிட்டிவாம். அப்படியென்றால் அவருக்கும் டி.பி.யா? 2,500 ரூபாய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்கிறார்கள், எடுக்கலாமா? மூத்தவரின் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம். எனக்கும் மூன்று வாரமாக லேசான இருமல் இருக்கிறது. அது அடுப்புப் புகை, பெரிதாக ஒன்றுமில்லை.

நெஞ்சக நோய் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மூன்று வாரமாக இருமல் என்று எழுதி, காரணம் அடுப்புப் புகை என்று முடிவையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். வீட்டில் யாருக்குமே நோய் இல்லாவிட்டாலும், இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பதுதான் நாடு முழுவதும் கடைப்பிடிக்கும் விதி. உங்கள் வீட்டிலோ ஐந்து மாதம் இருமிய ஒருவர் இருந்திருக்கிறார். அவருக்குக் கஞ்சி கொடுத்தது, துணி துவைத்தது, படுக்கையைத் தட்டிப் போட்டது எல்லாம் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதனால் நாளை காலையிலேயே உங்கள் சளி பரிசோதனைக்குப் போக வேண்டும். மற்ற எல்லாரைப் பற்றியும் கவலைப்பட்டு எழுதிய நீங்கள், உங்களை மட்டும் கணக்கில் விட்டுவிட்டீர்கள். மதுரையில் இத்தனை வருஷமாக நான் பார்த்துவரும் குடும்பங்களில் பெண்கள் இப்படித்தான் தங்களைக் கடைசியில் வைக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்தது உங்கள் பையன். அவனுக்கு இருமல் இல்லை, நன்றாகத்தான் விளையாடுகிறான் என்றாலும் இந்த வாரமே மருத்துவர் அவனைப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடம்புக்குக் காசநோய்க் கிருமியை ஓரிடத்தில் அடக்கி வைக்கும் பலம் குறைவு. பெரியவர்களிடம் பல வருஷம் தூங்கிக் கிடக்கக்கூடிய கிருமி, சின்னப் பிள்ளையிடம் சில மாதங்களிலேயே ரத்தம் வழியாகப் பரவி மூளையுறையில் போய் உட்காரலாம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி இந்த மாதிரிக் கடுமையான நோயின் ஆபத்தைக் குறைக்கிறது. ஆனால் முழுக் காப்பு தருவதில்லை.

நான் மருத்துவத்துக்கு வந்த ஆரம்ப காலத்தில், உசிலம்பட்டி பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பனாருக்கு வைத்தியம் பார்த்தேன். மாத்திரை எழுதினேன், சாப்பாடு பற்றிச் சொன்னேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து அவருடைய இரண்டு வயது மகளை வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூளையுறைக் காசநோய். பிள்ளை பிழைத்தாள், ஆனால் ஒரு கை கடைசிவரை சரியாகவில்லை. அன்றிலிருந்து, ஒருவருக்கு நோய் உறுதியானதும் நான் கேட்கும் முதல் கேள்வி “வீட்டில் அஞ்சு வயசுக்குக் கீழே யார் இருக்கா?” என்பதுதான்.

உங்கள் பையனை எடை போடுவார்கள். போன ஆறு மாதத்தில் எடை ஏறியிருக்கிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, முன்போல ஓடியாடுகிறானா என்று பார்ப்பார்கள். அங்கன்வாடியில் எடை எழுதும் அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சளியை வெளியே துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் சந்தேகம் வந்தால் அதிகாலை வெறும் வயிற்றில் இரைப்பையிலிருந்து சிறு குழாய் மூலம் எடுத்துச் சோதிப்பதும் உண்டு. பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

அவனுக்கு நோய் இல்லை என்று தெரிந்தாலும் வேலை அங்கே முடிவதில்லை. நோய் வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். இவ்வளவு சின்ன வயதில் பெரும்பாலும் ஐசோநியாசிட் என்ற மாத்திரையைத் தினமும் ஆறு மாதம் கொடுப்பது வழக்கம். “நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை?” என்று அத்தை கேட்பார். நன்றாக இருக்கும்போது கொடுத்தால்தான் அது தடுப்பு. ஒன்று மட்டும் கவனம். தடுப்பு மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் நோய் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நோய் இருக்கும் உடம்புக்கு ஒற்றை மருந்தைக் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அதனால் பரிசோதனைக்குப் போகாமல் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கணவரின் கை ஊசி. அதன் பெயர் மாண்டூ. முன்கையில் தோலுக்குள் ஒரு சொட்டு மருந்து வைத்து, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் தடிப்பு எவ்வளவு என்று அளப்பார்கள். தடிப்பைத்தான் அளக்க வேண்டும், சிவந்திருப்பது கணக்கில் வராது. பலர் சிவப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு “பெரிய பாசிட்டிவ்” என்று எழுதிக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். பொதுவாக 10 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் பாசிட்டிவ் என்போம். எப்போதோ ஒரு சமயம் கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் சில சமயம் தடிக்கும். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 31 சதவீதம் பேரிடம் இந்தக் கிருமியின் தடயம் இருந்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வராது. ஆகவே கையில் தடித்ததை மட்டும் வைத்து உங்கள் கணவருக்கு டி.பி. என்று சொல்ல முடியாது.

அவர் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. கிரானைட் அறுக்கும்போதும் பாலிஷ் போடும்போதும் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும். அதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எக்ஸ்ரேயில் இரண்டின் நிழலும் ஒன்றுபோலவே தெரிவதால், படத்தை மட்டும் பார்த்து “தூசி நோய்தான்” என்று விட்டுவிடுவதும் நடக்கிறது, டி.பி. இல்லாதவருக்கு டி.பி. மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. அவர் எக்ஸ்ரே எடுக்கும்போது என்ன வேலை, எத்தனை வருஷம் என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். சளி வந்தால் அதையும் கொடுக்க வேண்டும். மேலூர் பக்கத்துக் கல்குவாரிகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்கும் நோய் இல்லாவிட்டாலும், வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2,500 ரூபாய் ரத்தப் பரிசோதனை வேண்டாம். அதில் இரண்டு வகை இருக்கிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்து டி.பி. இருக்கிறது, இல்லை என்று சொல்லும் பழைய சோதனை நம்பத்தகாதது என்று 2012-லேயே இந்திய அரசு தடை செய்துவிட்டது. இன்னொன்று இக்ரா என்பது. நல்ல சோதனைதான், ஆனால் அதுவும் மாண்டூ மாதிரியே கிருமி உள்ளே வந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும். இப்போது நோய் இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு அது பதில் சொல்லாது. அந்தப் பணத்துக்கு முட்டையும் பயறும் வாங்குங்கள். உங்களுக்குத் தேவையான சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

சளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, “நெகட்டிவ்” என்று வந்ததும் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். நம் ஊர்ப் பெண்களுக்குக் காறித் துப்புவதே கூச்சம். பக்கத்தில் ஆள் இருந்தால் வந்த சளியையும் விழுங்கிவிடுவார்கள். அதனால் முந்தின நாளே டப்பாவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், காப்பி குடிக்கும் முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். மொட்டை மாடிக்கோ கொல்லைப்புறத்துக்கோ தனியாகப் போங்கள். வீட்டுக்குள் வேண்டாம். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். நெஞ்சிலிருந்து வரும் சளி கெட்டியாக, கொழகொழவென்று இருக்கும். நுரைத்த தெளிந்த நீர் வந்தால் அது எச்சில், மறுபடி முயற்சி செய்யுங்கள். ஒரு தேக்கரண்டி அளவாவது இருந்தால் நல்லது. மூடியை இறுக்கி, வெயில் படாமல் அன்று காலையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே போனதும் இன்னொரு மாதிரி கேட்பார்கள், அதையும் கொடுங்கள்.

ஒரு மாதிரியை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற கருவியிலும் சோதிப்பார்கள். நுண்ணோக்கியில் தெரிய வேண்டுமென்றால் சளியில் கிருமி ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். இந்தக் கருவிகள் கிருமியின் மரபணுவைத் தேடுவதால் குறைவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். மூத்தவருக்கு இந்தப் பரிசோதனை நடந்ததா, முடிவு என்ன என்று அவருடைய சீட்டில் பாருங்கள். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமி என்றால் வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் தடுப்பு மாத்திரையும் மாறும். அதனால்தான் போகும்போது அவருடைய சீட்டையும் கையோடு கொண்டுபோகச் சொல்கிறேன்.

உங்கள் அத்தைக்கு வருகிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னும் அதிகம். அவர் இளைத்திருந்தால் “சர்க்கரையால் இளைக்கிறேன்” என்பார். அசதியாக இருந்தால் “வயசாச்சு” என்பார். இப்படித்தான் இந்த வயதில் நோய் கண்ணில் படாமல் போகிறது. நான் மேலே சொன்ன கணக்கெடுப்பில், எக்ஸ்ரே மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால், நோய் உள்ளவர்களில் 42.6 சதவீதம் பேரைத் தவறவிட்டிருப்போம் என்று தெரிந்தது. இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்ற கேள்விகளில் அவர்கள் மாட்டவே இல்லை. ஆகவே அத்தைக்கு இருமல் இல்லை என்றாலும் நெஞ்சுப் படம் அவசியம்.

அவருடைய பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அவர் வயதுக்காரர்கள் தோப்பூர் ஆஸ்பத்திரி என்றால் போனவர் திரும்பாத இடம் என்று கேட்டு வளர்ந்தவர்கள். நல்ல மருந்து வராத காலத்தில் பிறந்து, வீட்டுக்கு வீடு கைமாறி வந்த பயம் அது. ஆனால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். 1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். காசநோய் வந்த ஏழைகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைத்து வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில், சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த உறவினர்களுக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. அதற்குப் பிறகுதான் காசநோய்க்காரரை வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று உலகமே மாறியது. நம் தமிழ்நாட்டு வீடுகளில் நிரூபணமான விஷயம் இது. இன்று தோப்பூரில் சேர்ப்பதெல்லாம் மூச்சுத் திணறல், இருமும்போது ரத்தம் வருவது, எழுந்து நிற்க முடியாத அளவு பலவீனம் போன்ற சிக்கல் உள்ளவர்களையும் அதுபோன்ற சிலரையும்தான்.

தட்டு, டம்ளரையும் பழையபடி ஒன்றாக வைத்துவிடுங்கள். இந்த நோய் காற்றில் பரவுகிறது. பாத்திரத்தில், துணியில், தொடுவதில் பரவுவதில்லை. உங்களுக்கு ஆபத்து இருந்தது அவர் மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில்தான். கிருமி மருந்துக்குக் கட்டுப்படுகிறது, அவரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்றால், சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை அவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், ஜன்னல் திறந்திருக்கும் இடத்தில் படுக்கட்டும், பையனைப் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டாம். தனித்தட்டு வைப்பதால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. அவர் மனசுதான் நோகும். ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட அவருக்கு அந்த மனசு வேண்டும்.

நாத்தனாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருக்கும் மற்றவர்களைப் போலவே எக்ஸ்ரே, அறிகுறி இருந்தால் சளி. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியிருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள், காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. கல்யாணம் பேசும் நேரம் என்பதால்தான் இப்போதே பார்க்கச் சொல்கிறேன். இன்று தெரிந்தால் பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் குணமாகிவிடும். கல்யாணமாகி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது தெரியவந்தால் இரண்டு உயிருக்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டியிருக்கும். பரிசோதனை முடிவை மருத்துவமனை வெளியாருக்குச் சொல்லாது. உங்களில் யாருக்காவது நாள் தள்ளிப்போயிருந்தால் எக்ஸ்ரே அறையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயிற்றை மறைத்து எடுப்பார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, நீங்கள் எழுதவில்லை. திருப்பூரில் மூத்தவர் யாரோடு அறை எடுத்துத் தங்கினார்? ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுத்திருந்தால் அவர்களுக்கும் இதே பரிசோதனை வேண்டும். அவரே போன் போட்டுச் சொன்னால் நல்லது. சங்கடமாக இருந்தால் களப்பணியாளரிடம் சொல்லுங்கள், அந்த மாவட்டத்துக்குத் தகவல் அனுப்புவார்கள்.

மருந்துக்கடை மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருமலுக்கென்று கடையில் கொடுக்கும் சில ஆன்டிபயாடிக்குகள், குறிப்பாகச் சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்தவை, காசநோய்க் கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். இருமல் குறைந்ததுபோல் இருக்கும், சளியிலும் கிருமி தெரியாமல் போகும், நோய் உள்ளே வளரும். மூத்தவருக்கு இப்படித்தான் மாதங்கள் போயிருக்கலாம். உங்கள் மூன்று வார இருமலுக்கு அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களில், முன்பு காசநோய் வந்து குணமானவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், புற்றுநோய் மருந்தோ மூட்டுவாதத்துக்கான ஊசியோ ஸ்டீராய்டோ தொடர்ந்து எடுப்பவர்கள், புகை, மது பழக்கம் உள்ளவர்கள், மெலிந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் இரண்டு வார இருமல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். காரணமில்லாமல் சாயங்காலக் காய்ச்சலோ எடைக் குறைவோ வந்தாலே கேளுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஒரு நாள் இருமலே போதும்.

எல்லாருக்கும் “இல்லை” என்று வந்தால் சந்தோஷம். ஆனாலும் உள்ளே போன கிருமி நோயாக மாறுவது பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள்தான். அந்த இரண்டு வருஷமும் யாருக்கு இருமல், காய்ச்சல் வந்தாலும் மறுபடி சோதிக்க வேண்டும். நோய் இல்லாத பெரியவர்களுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு, வாரம் ஒருமுறை 12 வாரம் சாப்பிடும் முறையும் இப்போது வந்திருக்கிறது. யாருக்கு எது என்பதை ஈரலின் நிலை, குடிப்பழக்கம், மற்ற மாத்திரைகள் எல்லாம் கேட்டு மருத்துவர் முடிவு செய்வார்.

சாப்பாட்டையும் மருந்தாக நினையுங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்ததாலேயே அவர்களுக்கு நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. மூத்தவருக்குச் சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வர வேண்டும். 2024 நவம்பரிலிருந்து இந்தத் தொகை. வரவில்லை என்றால் கணக்கு எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகங்களுக்கு 1800-11-6666 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

மதுரைக்கு வர வேண்டிய அவசியமில்லை, மேலூர் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். நாளைக்கு உங்கள் சளி டப்பா, மூத்தவரின் சீட்டு, பையனின் எடை அட்டை, பையன். அத்தையும் கணவரும் நாத்தனாரும் அன்றே வர முடியாவிட்டால் அடுத்த நாள் வரட்டும், அவர்களுக்காக நீங்கள் காத்திருக்காதீர்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். பையனின் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.